ஜாம்பியாவின் ஆரஞ்சு மக்காச்சோளம்: நாக்குக்குப் பிடித்தால் கூடுதல் விலையும் கொடுப்பார்களா?

தானியக்குறிப்பு எழுதியது:

வணக்கம். சத்து கூட்டிய தானியங்களைப் பற்றி இங்கே பேச்சு எழும்போதெல்லாம், மக்கள் அதற்குக் கூடுதல் விலை கொடுப்பார்களா மாட்டார்களா என்ற இடத்திலேயே வாதம் முட்டிக்கொண்டு நின்றுவிடுகிறது. பொதுப்படையாகப் பேசுவதைவிட, ஒரு நாட்டை எடுத்துக்கொண்டு அங்கே நடந்ததைப் பார்த்தால் தெளிவு பிறக்கும் என்று எண்ணி இந்த இழையைத் தொடங்குகிறேன்.

ஜாம்பியாவின் அன்றாடச் சோறு ந்ஷிமா. கொதிக்கும் நீரில் வெள்ளை மக்காச்சோள மாவைத் தூவித் துழாவிக் கெட்டியாகக் கிண்டும் களி அது. நம் கேழ்வரகுக் களிக்கு அண்ணன் தம்பி முறை. வெள்ளை மக்காச்சோளத்தில், உடலில் வைட்டமின் ஏ ஆக மாறக்கூடிய கரோட்டின் அநேகமாக இல்லை. அந்நாட்டில் 1998-இல் சர்க்கரையில் வைட்டமின் ஏ சேர்க்கத் தொடங்கினார்கள் என்றாலும், சர்க்கரையை எண்ணி எண்ணி வாங்கும் கிராமத்து வீடுகளுக்கு அது எவ்வளவு போய்ச் சேரும் என்பதை ஊகிப்பது கடினமல்ல. ஆகவே சத்தைச் சோற்றுக்குள்ளேயே வைத்துவிடுவோம் என்ற எண்ணத்தில், பயிர்களிலேயே சத்தைக் கூட்டும் பன்னாட்டுத் திட்டமான ஹார்வெஸ்ட்பிளஸும், சிம்மிட் எனப்படும் பன்னாட்டு மக்காச்சோளம் கோதுமை ஆராய்ச்சி மையமும், ஜாம்பியாவின் வேளாண் ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து உழைத்ததன் பயனாக மூன்று ஆரஞ்சு நிற வீரிய ஒட்டு ரகங்கள் 2012-இல் வெளியாயின. ஒரு கிராம் தானியத்தில் 15 மைக்ரோகிராம் கரோட்டின் என்பது இலக்கு; முதலில் வந்த மூன்றும் ஏறத்தாழ அதில் பாதியை எட்டின. இவை மரபணு மாற்றப் பயிர்கள் அல்ல, வழக்கமான இனக்கலப்பில் பிறந்தவை.

டெல்லிப் பொருளியல் பள்ளியைச் சேர்ந்த ஜே. வி. மீனாட்சியும் அவருடன் பணியாற்றியவர்களும் ஜாம்பியக் கிராமங்களில் இதற்கென ஓர் ஆய்வு நடத்தினர். அதுவும் 2012-இல்தான் வெளியானது. வெள்ளை, மஞ்சள், ஆரஞ்சு ஆகிய மூன்று மாவுகளையும் மக்களுக்குக் கொடுத்துச் சமைக்க வைத்து, சுவைக்க வைத்து, பிறகு எந்த விலைக்கு எதை எடுப்பார்கள் என்று பார்த்தார்கள். பஞ்ச கால உதவியாக வந்தது என்று மஞ்சளின் மேலிருந்த இளக்காரம் ஆரஞ்சின் மேல் படியவில்லை. மக்கள் இரண்டையும் வேறு வேறாகவே கண்டார்கள். சத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாதபோதே ஆரஞ்சு வெள்ளையுடன் போட்டியிடும் நிலையில் இருந்தது. சொன்னபோது அதற்குக் கூடுதல் விலையும் கிடைத்தது. அந்தச் செய்தி வானொலி வழியே வந்தாலும் ஊர்ப் பெரியவர்கள் வாயிலாக வந்தாலும் விளைவு ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது.

இவ்வளவும் நல்ல செய்தி. இருந்தாலும் ‘கூடுதல் விலை’ என்ற அளவுகோலை நாம் தவறான இடத்தில் ஊன்றுகிறோம் என்பது என் கருத்து. இனக்கலப்புக்கான செலவு பொதுப்பணத்தில் ஒரு முறை நடந்து முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு வயலில் விளையும் ஒவ்வொரு மூட்டைக்கும் சத்துக்கென்று தனிச் செலவு கிடையாது. அப்படியிருக்க, வைட்டமின் குறைவால் வாடுகிற அதே ஏழை வீட்டிடம் போய் இதற்கு எவ்வளவு அதிகம் தருவாய் என்று ஏன் கேட்க வேண்டும்? இரண்டும் ஒரே விலையில் அருகருகே இருந்தால் கை எதை எடுக்கும், அடுத்த மாதமும் அதையே எடுக்குமா என்பதல்லவா கேட்க வேண்டிய கேள்வி?

சிப்பாட்டா வாத்தியார் எழுதியது:

ஐயா, ஜாம்பியா என்றதும் எழுதாமல் இருக்க முடியவில்லை. கிழக்கு மாகாணத்தின் சிப்பாட்டா நகரில் ஒன்பது ஆண்டுகள் கணித ஆசிரியராக இருந்தேன். பக்கத்து வீட்டு அம்மையாரை நாங்கள் எல்லோரும் அமாயி என்றே அழைப்போம். நியாஞ்சா மொழியில் அம்மா என்று பொருள். ஆரஞ்சு மாவில் கிண்டிய ந்ஷிமாவை நான் முதலில் பார்த்தது அவர் வீட்டில்தான்.

அவித்த முட்டையின் மஞ்சள் கருவை ஒத்த நிறம். சட்டியைத் திறந்ததும் எழுந்த ஆவியில் இளங்கதிரைச் சுட்டால் வருமே, அந்த வாசம் இலேசாக இருந்தது. ந்ஷிமாவை ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் உருட்டி, பெருவிரலால் நடுவே ஒரு குழி அமுக்கி, நிலக்கடலைப் பொடி சேர்த்த பூசணி இலைக் கூட்டை அந்தக் குழியில் அள்ளி உண்பது அவர்கள் வழக்கம். அமாயியின் தாயார் அன்று உடனே உண்ணவில்லை. உருண்டையை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். இது பஞ்ச காலத்து மக்காச்சோளமா என்று மகளிடம் கேட்டார். 1992-இல் ஆப்பிரிக்காவின் தெற்குப் பகுதி முழுவதையும் வறட்சி வாட்டியபோது கப்பல் கப்பலாக வந்திறங்கிய மஞ்சள் மக்காச்சோளத்தைத்தான் அவர் சொன்னார். நெடுநாள் கிடங்கில் கிடந்து சிக்கு வாடை ஏறிய அந்த மாவின் நினைவு இருபது ஆண்டுகள் கழித்தும் அவர் மூக்கில் இருந்திருக்கிறது. முகர்ந்து பார்த்து அந்த வாடை இல்லை என்று உறுதியான பிறகே வாயில் வைத்தார்; இரண்டாவது முறையும் கேட்டு வாங்கி உண்டார். குழந்தைகளோ கேள்வியே கேட்கவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அதே வீட்டில் விருந்தினர் வந்தால் அமாயி ஆரஞ்சு மாவைத் தொடமாட்டார். அன்று கடையிலிருந்து ‘பிரேக்ஃபாஸ்ட் மீல்’ என்னும் மிக வெண்மையான, மிக நைசான மாவு வரும். அங்கே மாவில் மூன்று தரம் உண்டு. தவிடும் முளையும் முழுதாக நீக்கிய பிரேக்ஃபாஸ்ட் எல்லாவற்றிலும் விலை அதிகம். ஓரளவு மட்டும் நீக்கிய ரோலர் மீல் அதைவிட மலிவு. சொந்தத் தானியத்தைத் தலையில் சுமந்துபோய் ஊர் மில்லில் அப்படியே அரைத்து வரும் முகாய்வா கடைசி. கீழே போகப் போகச் சத்து ஏறும், மேலே போகப் போக விலை ஏறும். தானியக்குறிப்பு ஐயா கூடுதல் விலையைப் பற்றிக் கேட்கிறார். அங்குள்ள மக்கள் ஏற்கெனவே கூடுதல் விலை கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள், வெண்மைக்கு.

சந்தைக்கணக்கு எழுதியது:

வாத்தியார் சொன்ன கடைசி வரி முக்கியமானது. ஆனால் தானியக்குறிப்பின் முடிவோடு நான் உடன்படவில்லை. மூட்டைக்குத் தனிச் செலவு இல்லை என்பது வயல் வரப்பு வரைக்கும்தான் சரி. வரப்பைத் தாண்டிவிட்டால் ஆரஞ்சைத் தனியாகக் கொள்முதல் செய்து, தனியாகக் குவித்து, தனியாக அரைக்க வேண்டும்; அதற்கு முன்னும் பின்னும் இயந்திரத்தைத் துடைத்துச் சுத்தம் செய்ய வேண்டும். வரத்துக் குறைவான சரக்குக்கு இந்தச் செலவு ஒவ்வொரு கிலோவின் தலையிலும் அதிகமாக விழும். அதை யாராவது ஒருவர் ஏற்றாக வேண்டும். வாங்குபவர் தரமாட்டார் என்றால் ஆலைக்காரர் அரைக்கமாட்டார், விவசாயி விதைக்கமாட்டார்.

‘எவ்வளவு தருவீர்கள்’ என்று வாயால் கேட்டால் மக்கள் தாராளமாகச் சொல்லிவிடுவார்கள் என்பதால், உண்மையான பணத்தை வைத்தே இதை அளக்கும் முறை ஒன்று உண்டு. பெக்கர், டிகுரூட், மார்ஷாக் என்னும் மூவர் 1964-இல் வகுத்த முறை அது. ஒரு பொட்டலம் மாவுக்கு நீங்கள் தரத் தயாராக உள்ள உச்ச விலையைச் சொல்கிறீர்கள். பிறகு குலுக்கலில் ஒரு விலை எடுக்கப்படும். அது நீங்கள் சொன்னதற்குள் இருந்தால், குலுக்கலில் வந்த அந்த விலையைக் கொடுத்து மாவை வாங்கியே ஆக வேண்டும்; மேலே போனால் மாவு கிடையாது. கூட்டிச் சொன்னால் வேண்டாத விலைக்கு வாங்க நேரும், குறைத்துச் சொன்னால் கிடைக்க வேண்டியது கைநழுவும் என்பதால் மனத்தில் உள்ளதைச் சொல்வதே லாபம். இதே முறையில் கென்யாவில் ஹியூகோ டி குரூட்டும் (மேலே சொன்ன டிகுரூட் வேறொருவர்) உடன் பணியாற்றியவர்களும் நடத்தி 2011-இல் வெளியிட்ட ஆய்வில், ஆலையில் வைட்டமின் சேர்த்த மாவுக்கு வழக்கமான மாவைவிட ஏறத்தாழக் கால் பங்கு அதிகமாகவும், மஞ்சள் மாவுக்கு ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு குறைவாகவும் மக்கள் விலை சொன்னார்கள். அதாவது சத்துக்குக் கொடுக்கப் பணமும் இருக்கிறது, மனமும் இருக்கிறது. நிறம்தான் அதில் ஒரு பகுதியைத் தின்றுவிடுகிறது.

விதைக்காரி எழுதியது:

வணக்கம். பயிர் இனப்பெருக்கத் துறையில் இருக்கிறேன். நிறத்தை வெறும் தடையாகப் பார்க்காதீர்கள் என்று சொல்லவே வந்தேன், ஏனெனில் நிறம் இல்லாமல் தவித்த ஒரு வரலாறு மக்காச்சோளத்துக்கு உண்டு.

1964-இல்தான் அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தில் எட்வின் மெர்ட்ஸ் குழுவினர், ஓபேக்-2 என்னும் இயற்கையான மரபணுத் திரிபு மக்காச்சோளப் புரதத்தில் லைசின், டிரிப்டோஃபேன் என்னும் அமினோ அமிலங்களை வெகுவாக உயர்த்துவதைக் கண்டறிந்து வெளியிட்டனர். உலகமே கொண்டாடியது. ஆனால் அந்த மணி சுண்ணாம்புக்கட்டியைப் போல் மென்மையாக, மங்கலாக இருந்தது. விளைச்சல் குறைந்தது, வண்டு எளிதில் துளைத்தது. சிம்மிட்டில் சுரிந்தர் வாசலும் எவாஞ்செலினா வில்லேகாஸும் பல ஆண்டுகள் உழைத்து அந்த மணிக்குப் பழைய கடினத்தன்மையைத் திரும்பக் கொண்டுவந்தனர். அதற்காக 2000-இல் உலக உணவுப் பரிசு பெற்றனர். கானாவில் 1992-இல் வெளியான ஒபாட்டன்பா இந்த வழியில் வந்த ரகம்.

இத்தனைக்கும் பிறகு எழுந்த சிக்கல் வேறு. தரம் உயர்ந்த மணியும் சாதாரண மணியும் பார்வைக்கும் நாக்குக்கும் ஒன்றுபோல் ஆகிவிட்டன. சந்தையில் எது எது என்று வாங்குபவருக்கும் தெரியாது, விற்பவருக்கும் தெரியாது. நாங்களே விளக்கு மேசையின் மேல் மணிகளைப் பரப்பி, அடியிலிருந்து ஒளி பாய்ச்சித்தான் தேர்ந்தெடுக்கிறோம். போதாக்குறைக்கு அது ஒடுங்கு மரபணு, அதாவது தாய், தந்தை இரு பக்கமிருந்தும் வந்தால்தான் வெளிப்படும். பக்கத்து வயல் மகரந்தம் காற்றில் வந்து விழுந்தால், அந்த மணியில் உயர்ந்த புரதம் இல்லாமல் போகும். யாருக்கும் தெரியவும் தெரியாது. கண்ணுக்குத் தெரியாத ஒன்றுக்கு யார் விலை கொடுப்பார்கள்?

ஆரஞ்சுக்கு அந்தக் குறை இல்லை, அதன் முகமே அதன் முத்திரை. கரோட்டின் பெரும்பாலும் மணியின் மாவுப் பகுதியில் இருப்பதால், வாத்தியார் சொன்ன பிரேக்ஃபாஸ்ட் தரத்துக்குத் தவிடு நீக்கி அரைத்தாலும் நிறமும் சத்தும் பெருமளவு தங்கும். வெண்மைக்கு இல்லாவிட்டாலும் நைசுக்கு விலை கொடுப்பவர்களை இதைக் காட்டி அழைக்கலாம்.

ஆனால் அந்த முத்திரையை அப்படியே நம்பிவிடவும் கூடாது. சாதாரண மஞ்சள் மக்காச்சோளத்தின் நிறம் பெரும்பாலும் லூட்டின், சியாக்ஸாந்தின் என்னும் நிறமிகளால் வருவது. அவை நல்ல பொருள்கள்தாம் என்றாலும் உடலில் வைட்டமின் ஏ ஆக மாறுபவை அல்ல. சியாக்ஸாந்தின் மிகுந்த ஒரு கதிர் அடர்ந்த ஆரஞ்சாகவே இருக்கும், அதில் நமக்கு வேண்டிய சத்து கொஞ்சமாகவே இருக்கும். ஆகவே நிறத்தின் அடர்த்திக்கு விலை வைத்தால் நாளை நிறத்துக்காக மட்டுமே விதை செய்பவர்கள் வருவார்கள்.

இன்னொரு நடைமுறைத் துன்பத்தைப் பொருளியல் ஆய்வுகள் அதிகம் பேசுவதில்லை. ஆரஞ்சு வயலின் மகரந்தம் பக்கத்து வெள்ளை வயலில் விழுந்தால், அந்தப் பருவக் கதிரிலேயே மஞ்சள் மணிகள் தோன்றிவிடும். அடுத்த தலைமுறைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. வெள்ளைக் கதிர்கள் வரிசைக்கு நான்கு ஐந்து மஞ்சள் முத்துகளோடு நிற்பதைப் பார்த்திருக்கிறேன். வெண்மைக்கே விலை என்று இருக்கும் ஊரில், அந்தப் பக்கத்து வயல்காரருக்கு நட்டம். அவருடைய நட்டம் நாம் கணக்கிடும் எந்தக் கூடுதல் விலையிலும் இல்லை.

அடுப்பங்கரை எழுதியது:

விதைக்காரி அவர்களே, தெளிவாகச் சொன்னீர்கள். எனக்கு ஒரு தயக்கம் உண்டு. வெளியூரிலிருந்து வந்தவர்கள் இலவசமாக மாவு கொடுத்து, சுவை எப்படி என்று கேட்கும்போது, நன்றாக இல்லை என்று முகத்துக்கு நேரே சொல்லும் பழக்கம் எந்த ஊரில் இருக்கிறது? விருந்தாளி மனம் நோகக் கூடாது என்று நாமும்தானே சொல்வோம்.

நம்மூர் நியாயவிலைக் கடைகளில் செறிவூட்டிய அரிசி வந்தபோது நடந்ததை நினைத்துப் பாருங்கள். கலந்திருந்த அந்தச் சில மணிகள் நிறத்திலும் பளபளப்பிலும் கொஞ்சம் வேறாகத் தெரிந்தன. பிளாஸ்டிக் அரிசி என்று பேச்சுப் பரவி, முறத்தில் போட்டு அவற்றையே பொறுக்கி எறிந்த வீடுகள் உண்டு. எதற்காக வேறாக இருக்கிறது என்று முன்கூட்டியே சொல்லாமல் விட்டால், வேறுபாடு சந்தேகமாகத்தான் மாறும்.

தானியக்குறிப்பு எழுதியது:

அடுப்பங்கரை அவர்களின் தயக்கம் நியாயமானது. அதற்காகவே அந்த ஜாம்பிய ஆய்வில் ஒரு பகுதியினரைப் பொது இடத்தில் கூட்டிச் சுவைக்க வைத்ததோடு நில்லாமல், வேறு சிலருக்கு மாவை வீட்டுக்கே கொடுத்துவிட்டு, அவர்கள் தங்கள் அடுப்பில், தங்கள் குழம்போடு உண்ட பிறகு கேட்டார்கள். ஒரு வாய் சுவைப்பதற்கும் வீட்டில் வைத்து உண்பதற்கும் உள்ள தூரம் பெரிது.

தகவல் சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கானா நல்ல எடுத்துக்காட்டு. அங்கே புளிக்கவைத்த மக்காச்சோள மாவை மட்டையில் சுற்றி அவிக்கும் கென்கே என்னும் பண்டத்தை வைத்து ஆய்வு செய்தபோது, எதுவும் சொல்லாத நிலையில் ஆரஞ்சுக் கென்கே வெள்ளைக்கும் மஞ்சளுக்கும் பின்னால்தான் நின்றது. சத்தைப் பற்றிச் சொன்ன பிறகு நிலைமை தலைகீழானது. ஜாம்பியாவில் சொல்லாமலே ஓரளவு ஏற்றார்கள், கானாவில் சொன்ன பிறகே ஏற்றார்கள். ஒரே தானியம்தான், ஆனால் ஓர் ஊரின் முடிவை இன்னோர் ஊருக்குத் தூக்கிக்கொண்டு போக முடியாது.

ஜாம்பியாவுக்கென்று இன்னொரு கவலையும் உண்டு. 2002-இல் பஞ்சம் வாட்டியபோதும், மரபணு மாற்றிய மக்காச்சோளத்தை உதவியாகப் பெற அதிபர் லெவி முவனவாசாவின் அரசு மறுத்துவிட்டது. அந்த நினைவுள்ள நாட்டில், வழக்கத்துக்கு மாறான நிறத்தில் ஒரு தானியம் வரும்போது, இது அது அல்ல என்ற விளக்கம் மாவுக்கு முன்னால் போய்ச் சேர வேண்டும்.

சந்தைக்கணக்கு அவர்களுக்கு: தனியே பிரித்து அரைக்கும் செலவை நான் குறைத்து மதிப்பிட்டதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தச் செலவு பயிரின் இயல்பில் இருப்பதல்ல, வரத்துக் குறைவால் வருவது. வரத்துப் பெருகினால் அது தேயும். அதுவரைக்கும் அதை அரசின் கொள்முதலோ பள்ளி உணவுத் திட்டமோ தாங்கலாம். சந்தையில் மாவு வாங்கும் தாயின் தலையில் தொடக்கத்திலேயே ஏற்றிவிட்டால், வாங்கக்கூடிய வீடுகள் வாங்கும், வாங்க வேண்டிய வீடுகள் விட்டுவிடும். சராசரியாகக் கால் பங்கு அதிகம் தருவார்கள் என்ற எண்ணுக்குள் தர முடியாதவர்கள் மறைந்துபோகிறார்கள்.

சந்தைக்கணக்கு எழுதியது:

சராசரியைப் பற்றிய அந்தக் குறையை ஏற்கிறேன். பள்ளி உணவு என்றதும் ஒரு கேள்வி. உண்டால் உடலில் உண்மையில் சேருகிறதா? அது உறுதியில்லை என்றால் இந்த விலைப் பேச்சே வீண்.

விதைக்காரி எழுதியது:

சேருகிறது. ஜாம்பியக் குழந்தைகளிடம் நடத்தி 2014-இல் வெளியான ஆய்வில், ஆரஞ்சு மக்காச்சோளம் உண்டவர்களின் உடலில் வைட்டமின் ஏ சேமிப்பு உயர்ந்தது. முக்குஷி மாவட்டத்தில் நடந்து 2016-இல் வெளியான இன்னொன்றில், இரத்தத்தில் வைட்டமின் ஏ-யின் வடிவமான ரெட்டினால் அளவு உயரவில்லை. ஆனால் தொடக்கத்தில் சத்துக் குறைவாக இருந்த குழந்தைகளின் கண்பாவை, இருட்டில் ஒளிக்கு எதிர்வினை காட்டும் திறன் மேம்பட்டது. ஆனால் ஒரு நிபந்தனை, மாவு புதிதாக இருக்க வேண்டும். கரோட்டின் காற்றும் வெப்பமும் பட்டுச் சிதையும். மாதக்கணக்கில் கிடங்கில் கிடந்தால் கணிசமான பகுதி போய்விடும். அறுவடை முடிந்து சில மாதங்களில் உண்ணும் வீட்டுக்கும், பஞ்ச மாதத்தில் பழைய மூட்டையை வாங்கும் வீட்டுக்கும் ஒரே விலை வைத்தால், இரண்டாவது வீடு பாதிச் சத்துக்கு முழு விலை கொடுக்கிறது.

அடுப்பங்கரை எழுதியது:

வாத்தியாரய்யா, உங்கள் அமாயி இன்னும் அதைப் பயிரிடுகிறாரா? அல்லது அந்த ஒரு பருவத்தோடு நின்றுவிட்டதா?

சிப்பாட்டா வாத்தியார் எழுதியது:

நான் கிளம்பும் வரை பயிரிட்டார், ஆனால் முதல் ஆண்டைப் போல அல்ல. முதல் ஆண்டில் ஆர்வத்தில் பெரிய வயலின் ஓரத்திலேயே விதைத்துவிட்டார். விதைக்காரி அவர்கள் சொன்னதுதான் நடந்தது. வெள்ளைக் கதிர்களில் மஞ்சள் மணிகள் விழுந்தன. விற்கக் கொண்டுபோன இடத்தில் கலப்படம் என்று மூட்டைகளை ஒதுக்கிவிட்டார்கள். இரண்டு நாள் முற்றத்தில் பாய் விரித்து, மகளும் பேரப்பிள்ளைகளும் உட்கார்ந்து மஞ்சள் மணிகளைப் பொறுக்கினார்கள். நானும் ஒரு மாலை கூட உட்கார்ந்தேன்.

அடுத்த ஆண்டிலிருந்து பெரிய வயல் முழுவதும் வெள்ளை, அது விற்பனைக்கு. வீட்டுக்குப் பின்னால், சமையலறைக்கும் வாழைக்கும் இடையில் இருந்த துண்டு நிலத்தில் மட்டும் ஆரஞ்சு. பெரிய வயலுக்கு மகரந்தம் போய்ச் சேராத தூரத்தில் இருக்கும்படி பார்த்துக்கொண்டார். ஆண்டுதோறும் விதையைப் புதிதாக வாங்க வேண்டும் என்பதை மட்டும் குறையாகச் சொல்வார். அந்த மாவை அவர் யாருக்கும் கூடுதல் விலைக்கு விற்றதில்லை. கைக்குழந்தை உள்ள பக்கத்து வீட்டார் வந்து கேட்டால், வெள்ளையை அளக்கும் அதே வாளியில், அதே விலைக்கு அளந்து கொடுப்பார்; மேலே ஒரு கைப்பிடி சேர்த்துப் போடுவார்.